சுந்தரவல்லிக்கு நாங்கள் பார்த்த வைத்தியம்

என் அக்கா சுந்தரவல்லியைப் பற்றி முடிச்சூரில் யாரைக் கேட்டாலும் முதலில் புறாவைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு அங்கேயே எரிச்சல் தொடங்கிவிடும். பதினெட்டு வருஷமாகத் தாம்பரத்தில் பாதிப் பேருக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவளை ஒரு புறாவோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்கும் ஊரை என்ன சொல்வது? அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிகிறது, புறாவை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துவிட முடியாது.

எழுபதுகளின் கடைசியில் அப்பா முடிச்சூர் நிலத்தை மனை போட்டு விற்றார். அக்காவுக்கு நகை செய்ய ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினார். அக்கா ஆசாரியை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள்.

“எனக்கு நகை வேணாம்ப்பா. அஞ்சு மெஷின் வாங்கிக் குடு.”

அப்பா தலையில் அடித்துக்கொண்டு வாங்கிக் கொடுத்தார். மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக் கடை மாடியில் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்தாள். போர்டில் ஏதோ பெயர் இருந்தது. அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை, எல்லோருக்கும் அது சுந்தரவல்லி டீச்சர் இன்ஸ்டிடியூட்தான். அவள் சொல்லிக்கொடுக்கும் விதமே தனி. பையன்களுக்கும் பெண்களுக்கும் முன்னால் நிற்க மாட்டாள். பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். கீழே பஸ் ஹாரன், பக்கத்தில் பாத்திரக் கடை சத்தம், அதற்கு நடுவே, “மூணாவது மெஷின், சுண்டு விரல் தூங்குது” என்பாள். மூன்றாவது மெஷினில் இருக்கும் பெண் திடுக்கிட்டு நிமிர்ந்து உட்காரும். தாள் முழுக்கச் சரியாக அடித்து ஒரே ஓர் எழுத்து தப்பினாலும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு, மறுபடி முதலிலிருந்து அடிக்கச் சொல்வாள். கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்காத பிறவி. தம்பி என்று எனக்கும் சலுகை கிடையாது.

நான் ஜெயவேலு, அவளுக்கு ஆறு வயது இளையவன். மருந்தாளுநர் டிப்ளமா முடித்து முடிச்சூர் சாலையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். காய்ச்சல் தலைவலிக்கு வருகிறவர்கள் என்னை டாக்டர் என்றே கூப்பிடுவார்கள். நானும் மறுத்ததில்லை.

எண்பத்தாறு ஜூலையில் ஒருநாள் காலை அக்கா எழுந்து உட்கார்ந்தால் காலண்டரில் எல்லாத் தேதியும் இரண்டிரண்டாகத் தெரிகிறது. வலது கன்னம் மரத்துவிட்டது. நடந்தால் தரை ஒரு பக்கம் சாய்கிறது. இதெல்லாம் போதாது என்று விக்கல். ஒரு மணி நேரமல்ல, மூன்று நாள் விக்கல். விக்கல் என்று தெரிந்ததும் தெருவே வைத்தியனாகிவிட்டது. சர்க்கரை, தேன், மூச்சடக்கல் எல்லாம் முடிந்து, திடுக்கிட வைத்தால் நிற்கும் என்று யாரோ சொல்ல, அவள் புருஷன் தயாளன் மாமா கொல்லைப்புறத்திலிருந்து ஓடிவந்து, “சுந்தரி, உன் இன்ஸ்டிடியூட் பத்திக்கிச்சாம்!” என்று கத்தினார். மனுஷர் பல்லாவரத்தில் தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அக்கா அழுதாள், கூடவே விக்கினாள்.

அப்போதுதான் அக்காவின் மாமியார் கிளியம்மாள் அத்தை களத்தில் இறங்கினார்.

“இது பக்கவாதம்டா. மூஞ்சி மரத்து கீது, நடை கோணிக்கினு போவுது, வேற இன்னா? புறா ரத்தம் தடவினா மூணே நாளு.”

பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தடவுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். படப்பைச் சந்தையிலிருந்து புறா வந்தது. சூடு ஆறுவதற்குள் ரத்தத்தைக் கன்னத்திலும் கையிலும் காலிலும் தேய்த்துத் துணி சுற்றிவிட்டார். நான் கடையை மூடிவிட்டு ஓடி வந்தபோது அக்கா கட்டிலில் ரத்தமும் இறகுமாக உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது.

அன்றைக்கே பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். “சின்ன ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு. ஆனா மூளைத்தண்டு பக்கத்துல எலும்பு மறைக்கும், இந்த ஸ்கேன்ல தெளிவா விழாது. மறுபடி வந்தா கட்டாயம் கூட்டிட்டு வாங்க, வேற என்னன்னு தேடணும்.” இத்தனை வார்த்தையில் என் காதில் விழுந்தது ஸ்ட்ரோக் என்ற ஒன்றுதான்.

மூன்று வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. இரண்டிரண்டாகத் தெரிந்தது ஒன்றாகிவிட்டது, விக்கல் நின்றது, நடை நேரானது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கிளியம்மாள் அத்தை வீடு வீடாகப் போய்ப் புறாவின் புகழ் பாடினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்தவன் ஒருத்தன் வீட்டில் இருக்கும்போது இந்த அநியாயமா?

மருந்துக் கம்பெனி ஆள் கொடுத்த புத்தகத்தில், ஸ்ட்ரோக் வந்தவர்களுக்குத் தினம் கொஞ்சம் ஆஸ்பிரின் கொடுத்தால் மறுபடி வராமல் தடுக்கும் என்று போட்டிருந்தது. யாரையும் கேட்கவில்லை. அரை மாத்திரை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அத்தைக்குப் புரிய வேண்டுமே என்று வீட்டுக் கிணற்று மோட்டாரைக் காட்டி விளக்கினேன்.

“குழாய்ல அடைப்பு வந்தா தொட்டிக்குத் தண்ணி ஏறுமா அத்தை? ஏறாதில்ல? மூளைக்குப் போற குழாயும் அப்படித்தான். ரத்தம் உறைஞ்சு அடைச்சிக்கிச்சுன்னா பக்கவாதம். இந்த மாத்திரை ரத்தத்தை உறைய விடாது, ஓடிக்கிட்டே இருக்கும்.”

அத்தை மோட்டாரைப் பார்த்தார், மாத்திரையைப் பார்த்தார். “புறாவவிட இது மேல்னு சொல்ற,” என்றார். “ஆமா” என்றேன். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐந்து வருஷம் ஒன்றும் வரவில்லை. அத்தனையும் என் மாத்திரையின் கணக்கில் நானே வரவு வைத்துக்கொண்டேன். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் அக்காவை உதாரணம் காட்டினேன். பனம்பழக் கதை அடுத்தவனுக்குச் சொல்லும்போதுதான் ஞாபகம் வரும்.

தொண்ணூற்றொன்று நவம்பரில், அடைமழையில், இன்ஸ்டிடியூட்டிலிருந்து திரும்பும்போது ஸ்டேஷன் மேம்பாலத்தின் மேல் அக்காவுக்குத் தலை சுற்றியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தவள் இரண்டு தடவை சரிந்து விழுந்தாள். நாக்கு குழறியது. மேலே வந்த ஒருத்தன், “பொம்பளைங்களும் ஊத்திக்க ஆரம்பிச்சிட்டாங்கடா,” என்று சொல்லிவிட்டுப் போனானாம். வீட்டுக்கு வந்ததும், வாய் கோணி, ஒரு கண் மூடாமல், விழுங்க முடியாமல் கிடந்தபோதும் அவளுக்கு ஆத்திரம் அந்த ஆள் மேல்தான்.

எண்பத்தாறில் அந்த டாக்டர் சொன்னாரே, மறுபடி வந்தால் கூட்டி வாருங்கள் என்று. போனோமா? இல்லை. எங்களுக்குத்தான் இது என்னவென்று தெரியுமே! அத்தை மறுபடி புறா வாங்கினார். பக்கத்து வீட்டு அந்தோணிசாமி வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை நெற்றியில் தடவித் தினமும் ஜெபம் செய்தார். நான் அரை மாத்திரையை முழு மாத்திரை ஆக்கினேன்.

ஆறு வாரத்தில் அக்கா எழுந்து நடந்தாள். உடனே வாசலில் பஞ்சாயத்து. அத்தை புறா என்றார். அந்தோணிசாமி, “மாதா இல்லேன்னா சிஸ்டர் இன்னிக்கு எழுந்திருப்பாங்களா?” என்றார். நான் முழு மாத்திரை என்றேன். ஆளாளுக்கு நாட்டாமை. குரல் ஏறிக்கொண்டே போனது. அக்கா உள்ளே மெஷின் முன்னால் உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து முடித்து, கார்பன் பிரதிகளை எடுத்துவந்து ஆளுக்கொன்றாக எங்கள் கையில் கொடுத்தாள்.

கட்டம் போட்டு அடித்திருந்தாள். எந்தத் தேதியில் உடம்பில் எது கெட்டது, யார் என்ன செய்தார்கள், எது எந்தத் தேதியில் சரியானது. ஒரு பிழை இல்லை.

“படிச்சுப் பாருங்க. ரெண்டு தடவையும் ஒரே இடம். வலது பக்கம் மூஞ்சி, கண்ணு, நடை. ரெண்டு தடவையும் மெதுவா தானா சரியாச்சு. நீங்க மூணு பேரும் வேற வேற பண்ணிங்க, அது தன்பாட்டுக்கு ஒரே மாதிரி வந்துட்டுப் போச்சு. அந்த இடத்துல என்னமோ இருக்கு வேலு. என்னன்னு தெரிஞ்சுக்கணும் எனக்கு.”

அவள் படிப்பு பி.யு.சி.தான். அவள் கண்டுபிடித்ததை டிப்ளமா வாங்கிய நான் கண்டுபிடிக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்க வைத்து எடுக்கிற அந்த ஸ்கேன் அப்போதுதான் பட்டணத்துக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. படத்தைப் பார்த்தவர் ஐம்பது வயது டாக்டரம்மா. மூளையும் முதுகுத்தண்டும் சேருகிற இடத்தில், மூளைத்தண்டுக்கு உள்ளே, ஒரு சின்ன வட்டத்தைக் காட்டினார். மெல்லிய ரத்தக் குழாய்கள் சரியாக உருவாகாமல் நாவல்பழக் கொத்து மாதிரி சுருண்டு கிடக்கின்றன என்றார்.

“அனேகமா சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கும். பலருக்குச் சும்மா கிடக்கும். சிலருக்கு எப்பவாவது கசியும். கசிஞ்ச ரத்தம் பக்கத்துல இருக்கற நரம்பை அமுக்கும், கண்ணு, மூஞ்சி, விழுங்கறது, நடக்கறது எல்லாமே அந்த விரக்கடை இடத்துலதான் போகுது. அப்புறம் உடம்பே அந்த ரத்தத்தைக் கரைச்சிடும், சரியாயிடும். இதுவும் ஒரு வகை ஸ்ட்ரோக்தான். ஆனா அடைப்பால வர்றது இல்ல, ஒழுகறதால வர்றது.”

அக்கா அந்தத் தாளை நீட்டினாள். டாக்டரம்மா முழுவதும் படித்தார். புறாவுக்கு லேசாகச் சிரித்தார். எண்ணெயைத் தாண்டிப் போனார். அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“யாரு ஜெயவேலு?”

“நான்தாங்க.”

“டாக்டரா?”

வாழ்க்கையில் முதல்முறையாக மறுத்தேன். “இல்லம்மா. மெடிக்கல் ஷாப்.”

“அடைப்புக்குக் குடுக்கறதை ஒழுகறதுக்குக் குடுத்திருக்கீங்க. ரெண்டாவது தடவை அதனாலதான் வந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், அது இல்லாமலும் வரும். ஆனா கசியற இடத்துல ரத்தம் உறையறதுதானே நமக்கு வேணும்? இனிமே ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது.”

ஆபரேஷனைப் பற்றிக் கேட்டோம். அது இப்போது ஆழத்தில் இருக்கிறது, தொட்டால் இருப்பதும் கெடலாம், மறுபடி கசிந்து மேல்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தால் எடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார். அதுவரை ரத்த அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த கசிவு பெரிதாக இருந்தால் உயிருக்கே ஆபத்து என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

புறாவால் கெடுதல் இல்லை, எண்ணெயால் கெடுதல் இல்லை. மூன்று வைத்தியத்தில் கெடுதல் செய்திருக்கக்கூடிய ஒரே வைத்தியம் என்னுடையது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று சொல்வதைக் கேட்டு எத்தனை தடவை சிரித்திருக்கிறேன்! திரும்பி வரும் ரயிலில் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “அக்கா, டாக்டரம்மா சொன்னதை வீட்ல சொல்ல வேணாம்க்கா,” என்றேன். மாணவர்களின் ஓர் எழுத்துப் பிழையை விடாதவள், “சரி,” என்று மட்டும் சொன்னாள். அதற்கு அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும், “மாத்திரை இனிமே வேணாம் அத்தை, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாங்க,” என்றேன்.

“ஏன்?”

“வேணாம்னா வேணாம்.”

“அம்மாந்தூரம் போயி ஒரு மாத்திர எய்திக் குடுக்கல, இருந்ததயும் நிறுத்தச் சொல்ட்டாளா? இன்னா டாக்டரு அவ? அஞ்சு வர்சம் காப்பாத்தின மாத்திர ஆச்சே?”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இருங்க,” என்று எரிந்து விழுந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

தொண்ணூற்று நான்கு ஜூனில் மூன்றாவது தடவை வந்தது. இந்த முறை இடது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன, எச்சில்கூட விழுங்க முடியவில்லை. நேராக டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். படத்தில் அந்தக் கொத்து மேல்பக்கம் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. இன்னொரு கசிவு வந்தால் மூச்சு நின்றுவிடும், எடுத்துவிடலாம், வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. புதன்கிழமை ஓர் இளம் டாக்டர் கட்டிலருகே நின்று வரிசையாகக் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“ஆஸ்பிரின் ஏதாவது?”

“ரெண்டு வருஷமா இல்ல சார். நானே நிறுத்திட்டேன்,” என்றேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தோம் என்று இருந்தது.

கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த கிளியம்மாள் அத்தை மெதுவாகக் கேட்டார்.

“ஏம்ப்பா, அது நீ பாதி பண்ணிக் குடுப்பியே, அந்த வெள்ள மாத்திரயா? அத நான் குடுத்துகினுதான கீறேன்.”

இளம் டாக்டரின் பேனா நின்றுவிட்டது.

“எப்போலேர்ந்து?”

“நீ நிறுத்தினதுலேர்ந்து. படப்பையில என் பொண்ணு வூட்டுக்குப் போவசொல்லோ அங்க கடையில வாங்கிக்கினு வருவேன். மத்தியானம் மோர்ல கரைச்சிக் குடுத்துருவேன். இவளுக்குக்கூடத் தெரியாது. முந்தாநேத்து வரைக்கும் குடுத்தேன்.”

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. அந்த மாத்திரையின் வேலை உடம்பில் ஒரு வாரம் நிற்கும், அந்த இடத்தில் ஒரு ஸ்பூன் ரத்தம் நிற்காமல் போனாலும் ஆள் பிழைக்க மாட்டார் என்றார்கள். எட்டு நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னொரு கசிவு வந்தால் கைவிட வேண்டியதுதான். நான் வார்டு என்றும் பார்க்காமல் அத்தையைக் கண்டபடி கத்தினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

படிக்கிறவர்கள் பதற வேண்டாம், முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் ஆபரேஷன் நடந்தது. அக்கா பிழைத்தாள். வலது கன்னம் திரும்பவே இல்லை, இடது கை பாதிதான் திரும்பியது. அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு இன்ஸ்டிடியூட் மாடி ஏறிவிட்டாள். ஒற்றைக் கையால் அடித்துக் காட்டி, குழறலோடு திட்டி, இன்றும் பாடம் நடத்துகிறாள். முடிச்சூரில் இன்றும் புறா என்கிறார்கள்.

ஆனால் எனக்கு அந்த எட்டு நாளில் நான்காவது நாள்தான் மறக்கவில்லை. அன்று காலை, ஏன் இன்னும் ஆபரேஷன் இல்லை என்று அக்கா சைகையில் கேட்டாள். தயாளன் மாமா, “டாக்டரம்மா ஊருக்குப் போயிருக்காங்க,” என்று ஆரம்பித்தார். போதும் சாமி, இந்தக் குடும்பத்தில் மறைத்தது போதும் என்று நான் உண்மையைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பென்சில் கேட்டு வலது கையால் எழுதினாள். ‘அத்தை மூணு நாளா சாப்பிடலை. போய்ப் பேசு.’

அத்தை வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர்தான் முதலில் பேசினார்.

“நீதானப்பா மோட்டார காட்டிச் சொன்ன, அது ரத்தத்த ஓட வுடும்னு. நீ நிறுத்தினதும் எனக்குப் பயம் புடிச்சிகிச்சி. எங்க அடைச்சிக்கப் போவுதோன்னு தெனம் பயம். ஒயுவற எடத்துக்கு அது ஆவாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அத கையால தொட்டிருப்பனா? ஏம்ப்பா சொல்லல?”

அறுபத்தெட்டு வயது மனுஷி. எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் புரிந்துவைத்திருந்தார். இந்த ஊரில் என் பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர் அவர் ஒருத்தர்தான். என் மேல் எனக்கே வந்த வெறுப்பை எப்படிச் சொல்வது?

“வெக்கமா இருந்துச்சு அத்தை,” என்றேன். “நான் தப்பா குடுத்துட்டேன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அது ஊருக்குத் தெரிஞ்சா என்னை யார் மதிப்பாங்கன்னு நினைச்சேன்.”

அத்தை வார்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ உன் வெக்கத்ததான் நான் ரெண்டு வர்சமா மோர்ல கரைச்சி அவளுக்குக் குடுத்துகினு இருந்தேனா?”